கையொப்பம் யாருடையது? கைவண்ணம் யாருடையது?

ஒரே படம்; இரண்டு படிகள். இரண்டிலும் அதே முயல், அதே குறும்புச் சிரிப்பு, கையில் அதே கேரட். கோட்டில் வேறுபாடு இல்லை. வண்ணத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் ஒன்றின் அடியில் ஒரு பெயர் கையால் எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்தில் 37/250 என்று ஓர் எண் இடப்பட்டிருக்கிறது. மற்றொன்றின் அடியில் எதுவும் இல்லை. முன்னது கண்ணாடிச் சட்டமேறிப் பல ஆயிரம் ரூபாய்க்கு விலை போகிறது. பின்னது பள்ளிப் பிள்ளையின் அறைச் சுவரில் பசை தடவி ஒட்டப்படுகிறது.

கண்ணுக்கு விருந்தளிப்பது படம்தான் என்றால், இரண்டும் ஒரே விலை பெறவேண்டும். பெறவில்லை. ஆகவே கொடுக்கப்படும் விலை படத்துக்கு அன்று, வேறு எதற்கோ! அந்த ‘வேறு எது’ என்பதைத்தான் இங்கே ஆராய முற்படுகிறோம்.

“கார்ட்டூன் படத் தாள்களைக் கையொப்பத்தோடு வாங்கிச் சேகரிப்பது சீமான்களின் பொழுதுபோக்கு. எண்ணூர்ப் புகையிலும் காசிமேட்டு உப்புக் காற்றிலும் உழைத்து வாழும் நமக்கு அதில் என்ன வேலை?” என்று தோழர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. செய்தவன் ஒருவன், பெயர் பொறித்தவன் ஒருவன், பலன் பெற்றவன் மற்றொருவன் என்னும் கணக்கு ராயபுரம் முதல் எண்ணூர் வரை தெருத்தெருவாக நாம் அறிந்த கணக்கு. அந்தக் கணக்கே கலை என்னும் பட்டாடை உடுத்தி வரும்போது, ஆடையைப் பார்த்து மயங்குவதா, ஆளைப் பார்த்து அடையாளம் காண்பதா? பகுத்தறிவாளன் இரண்டாவதைத்தான் செய்வான்.

முதலில் பொருள் இன்னது என்று தெரிந்துகொள்வோம். கார்ட்டூன் படம் என்பது, அசையாத ஓவியங்களை அடுத்தடுத்துக் காட்டி அசைவதாகத் தோன்றச் செய்யும் கலை. திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. வால்ட் டிஸ்னி நிறுவனம் 1937-இல் வெளியிட்ட ‘ஸ்னோ ஒயிட்’ 83 நிமிடப் படம். பெருக்கிப் பாருங்கள்: 1,19,520 சட்டங்கள்! ஓர் ஓவியத்தையே இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்துவது உண்டு. அதனால் கணக்குக் குறையும். ஒரே சட்டத்தில் பல உருவங்கள், உருவத்துக்கு ஒரு தாள் என்றும் வரும். அதனால் கணக்கு மீண்டும் ஏறும்.

ஓவியர் பென்சிலால் வரைவார். அந்தக் கோட்டை மற்றொருவர், ‘செல்’ என்று தொழிலில் வழங்கும் கண்ணாடி போன்ற மெல்லிய தாளின்மேல் மையால் படியெடுப்பார். இன்னொருவர் தாளைத் திருப்பிவைத்துப் பின்புறம் வண்ணம் பூசுவார். வேறொருவர் தீட்டிய பின்னணிக் காட்சியின்மேல் அதை விரித்து, ஒளிப்பதிவாளர் படம்பிடிப்பார். அதோடு தாளின் கடமை தீர்ந்தது. கழுவி மீண்டும் பயன்படுத்துவார்கள். இல்லையேல் குப்பையில் கொட்டுவார்கள்.

அந்தக் குப்பைக்கு விலை உண்டு என்று 1938-இல் கண்டுகொண்டார்கள். சான் பிரான்சிஸ்கோ நகரில் இருந்த கூர்வாசியே என்னும் கலைக்கூடம், டிஸ்னி நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு, ‘ஸ்னோ ஒயிட்’ படத்தின் செல்களைச் சட்டமிட்டு விற்கத் தொடங்கிற்று. அன்று விற்றவை உண்மையிலேயே திரைக்காகத் தீட்டியவை. பின்னர்ப் பிறந்தது வேறொரு சரக்கு: ‘லிமிடெட் எடிஷன்’ என்று வணிகர் கூறும் வரம்பிட்ட பதிப்பு. படம் வெளிவந்து பல்லாண்டு கழித்து, பழைய காட்சி ஒன்றைப் புதிய தாளில் பட்டறை ஓவியர்கள் படியெடுப்பார்கள், வண்ணம் தீட்டுவார்கள், 250 அல்லது 500 என்று எண்ணிக்கை வகுப்பார்கள், புகழ் பெற்ற இயக்குநர் ஒவ்வொன்றிலும் கையொப்பமிடுவார். காமிராவின் முகத்தையே காணாத தாள் அது! 1990-இல் வெளிவந்த ‘தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்’ முதல், டிஸ்னியின் பெரும்படங்களுக்கு வண்ணம் தீட்டும் பணியைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டது. அத்தகைய படத்தின் பெயரால் ஒரு செல் விற்கப்படுமானால், அது விற்பதற்காகவே செய்யப்பட்டது என்று தெளியலாம்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். படத்துக்கு எண்ணிடும் வழக்கத்துக்கு ஒரு காலத்தில் நேர்மையான காரணம் இருந்தது. செப்புத் தகட்டில் கோடு கீறி, மை தடவி, தாளில் அழுத்திப் படமெடுத்த நாள்களில், ஒவ்வோர் அழுத்தத்திலும் தகடு தேயும். முதலில் எடுத்த படி கூர்மையாக இருக்கும். பல நூறு படிகளுக்குப் பிறகு கோடு மங்கும். ஆகவே எத்தனையாவது படி என்று அறிவது வாங்குவோனுக்கு உரிய உரிமை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், செப்புத் தகட்டின்மேல் எஃகுப் பூச்சிடும் முறை வந்தது. தகடு தேய்வது பெரிதும் நின்றது. தேய்மானம் நின்றதும் எண்ணும் நின்றிருக்க வேண்டும் அல்லவா? நிற்கவில்லை! அந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான், விஸ்லர் போன்ற ஓவியர்கள் படியின் அடியில் பென்சிலால் கையொப்பமிட்டு விற்கும் பழக்கம் பரவிற்று. காரணம் போன பிறகு சடங்கு வளர்ந்த கதை இது. சடங்குகளின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

பஞ்சம் இரு வகை. வானம் பொய்த்து வருவது ஒன்று. கிடங்கைப் பூட்டி வருவது மற்றொன்று. தகடு தேய்ந்து படிகள் குறைந்தது முதல் வகை. ஆயிரம் எடுக்க முடிந்தும் 250-ஓடு நிறுத்திக்கொண்டு, “கிடைத்தற்கரியது” என்று கூவுவது இரண்டாம் வகை. அரிசியில் இதைச் செய்தால் பதுக்கல் என்கிறோம். படத்தில் செய்தால் பண்பாடு என்கிறார்களே, அது எப்படி? படமின்றி எவரும் பட்டினி கிடக்கமாட்டார் என்பது உண்மைதான். ஆதலால் குற்றம் சிறிது. ஆனால் தந்திரம் ஒன்றேதான்.

எண் இப்படி என்றால், கையொப்பம் எப்படி? “இது என் கைவேலை, இதற்கு நான் பொறுப்பு” என்று சான்று கூறுவதே கையொப்பத்தின் பிறவிக் கடமை. அந்தக் கடமையை அது ஆற்றுகிறதா? வால்ட் டிஸ்னியின் பெயரை அவர் சார்பில் எழுதிக் கொடுக்க, அவருடைய நிறுவனத்து ஓவியர்கள் சிலருக்கே இசைவு தரப்பட்டிருந்தது. இன்று அவருடைய கையொப்பங்களை ஆராய்வோர் அனைவரும் அறிந்த செய்தி இது. படத்தைத் தீட்டியவரும் அவரல்லர். பெயரைத் தீட்டியவரும் அவரல்லர்! ஸ்பெயின் நாட்டு ஓவியர் சால்வதோர் டாலியோ இன்னும் ஒரு படி மேலே போனார். படமே அச்சாகாத வெற்றுத் தாள்களில் ஆயிரக்கணக்கில் கையொப்பமிட்டுத் தந்தார். 1974-இல் அவ்வாறு கையொப்பமிட்ட வெற்றுத் தாள்கள் ஏறத்தாழ 40,000 ஏற்றிவந்த வண்டி ஒன்று, பிரான்சு நாட்டுச் சுங்க அதிகாரிகளிடம் அகப்பட்டது. படமில்லாத கையொப்பத்துக்கும் விலை உண்டென்றால், வாங்கப்படுவது கலையா? தாயத்தா? தகட்டுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பாராமலே கழுத்தில் கட்டிக்கொள்பவனைப் பார்த்து நகைக்கிறோமே, தாளில் என்ன வரைந்திருக்கிறது என்று பாராமல் அடியில் உள்ள பெயரை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பவனைப் பார்த்து என்ன செய்வது?

கையொப்பம் சுட்டிக்காட்டும் ஒருவரைவிட, அது சுட்டாமல் மறைக்கும் பலரைப் பற்றியே நாம் அதிகம் கவலைப்படவேண்டும். டிஸ்னி நிறுவனத்தில் மையால் படியெடுத்ததும் வண்ணம் பூசியதும் பெரும்பாலும் இளம் பெண்கள். ஒரு மயிரிழை பிசகினாலும் திரையில் உருவம் நடுங்கும், அப்படிப்பட்ட நுண்பணி. 1938-இல் பயிற்சியில் சேர இடம் கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு அந்நிறுவனம் அனுப்பிய மறுமொழி இன்றும் கிடைக்கிறது. கற்பனைத் திறனுக்குரிய வேலை இளைஞர்களுக்கே உரியது, பெண்களுக்குத் திறந்திருப்பது மைதொட்டுப் படியெடுப்பதும் வண்ணம் நிரப்புவதுமே என்பது அதன் சாரம். சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கும் ஒவ்வொரு பழைய செல்லிலும் நாம் காணும் கோடு அந்தப் பெண்களின் கைக்கோடு. காணும் வண்ணம் அவர்களுடைய கைவண்ணம். அடியில் இருக்கும் பெயர் மட்டும் அவர்களுடையதன்று.

அவர்கள் வாய்மூடி இருந்துவிடவும் இல்லை. 1941 மே மாதத்தில் டிஸ்னி நிறுவனத்துக் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தை ஏற்கவேண்டும், ஊதியம் சீராகவேண்டும் என்ற கோரிக்கைகளோடு, திரையில் தங்கள் பெயர் வரவில்லையே என்ற குறையும் அவர்கள் நெஞ்சில் இருந்தது. 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய மண்ணில் வாழும் நமக்கு, அந்தக் குரல் அயல்நாட்டுக் குரலாகவா கேட்கிறது? தறியில் நின்றவனும் தூரிகை பிடித்தவளும் கேட்டது ஒன்றே: கூலியோடு மதிப்பும் கொடு!

மறுபக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். பாராமல் தீர்ப்புக் கூறுவது நமக்கு அழகன்று. “சேகரிப்போர் இல்லாவிட்டால் அந்தத் தாள்கள் குப்பையோடு குப்பையாகப் போயிருக்கும்” என்கிறார்கள். உண்மை. செய்த நிறுவனங்களே கழுவி எறிந்ததைக் காத்தவர்கள், காதல்கொண்ட தனிமனிதர்கள். காப்பதும் எளிதன்று. பழைய செல் நாள்பட நாள்பட மஞ்சளாகும், நெளியும், அசிட்டேட் தாள் சிதையும்போது காடி நெடி வீசும், ஈரமும் வெப்பமும் மாறி மாறித் தாக்கினால் வண்ணம் பொருக்குப் பொருக்காக உதிரும்.

மற்றொரு வாதம் இன்னும் வலுவானது. முயலையும் ஓடும் பறவையையும் வைத்து உலகைச் சிரிக்கவைத்த சக் ஜோன்ஸ், வார்னர் நிறுவனத்தில் 1962 வரை சம்பளத்துக்குப் பணியாற்றியவர். படங்களின் உரிமை நிறுவனத்துக்கு. 1970-களின் பிற்பகுதியில்தான், தம் படைப்புகளை வரம்பிட்ட பதிப்பாகச் செய்து, கையொப்பமிட்டு விற்கும் வழி அவருக்குப் பிறந்தது. உரிமையை இழந்த கலைஞன் தன் பெயரைக் கொண்டு அதில் ஒரு பங்கை மீட்பது குற்றமா? குற்றமன்று என்றே கூறுவோம். அங்கே கையொப்பம், பறிபோன உழைப்புக்குக் கேட்கும் நிலுவை. ஆனால் இயக்குநருக்கு நியாயமான நிலுவை, மைதொட்ட பெண்ணுக்கு நியாயமாகாதா? வழி ஒருவருக்குத் திறந்தது நன்று. ஒருவரோடு அடைந்ததுதான் குறை.

இந்த வாதங்களையெல்லாம் உரசிப் பார்க்க உரைகல் ஒன்று வேண்டுமானால், கடல்கடந்து போகவேண்டியதில்லை. திருவொற்றியூருக்கு வாருங்கள். 1946-இல் ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கி எம்.ஆர்.எஃப். பிறந்த ஊர் அது. 1955-இல் இங்கிலாந்து நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழில் இந்தியாவில் கால்கொண்டதோடும் தொடர்புடைய ஊர் அது. அந்த வண்டியின் பெட்ரோல் தொட்டியில் ஓடும் பொன்னிறக் கோட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்திரம் இழுத்த கோடன்று அது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில், கைதேர்ந்த தொழிலாளர்கள் நீண்ட மயிர்த் தூரிகை கொண்டு, மூச்சையும் கையையும் அடக்கி, வளைவுக்கு வளைந்து நேருக்கு நேராகி இழுத்த கோடு.

2021-இல் ராயல் என்ஃபீல்டு தன் 120-ஆம் ஆண்டு நினைவாக வரம்பிட்ட பதிப்பு ஒன்றை அறிவித்தது. உலகம் முழுமைக்கும் 480 வண்டிகள், இந்தியாவுக்கு 120. தொட்டியில் பித்தளைச் சின்னம். அதில் வண்டிக்குரிய எண். கூடவே கையால் தீட்டிய கோடு. இந்தியாவுக்குரிய 120 வண்டிகளும் 120 வினாடிகளில் விற்றுத் தீர்ந்தன.

இங்கேதான் தோழர்கள் நின்று சிந்திக்கவேண்டும். தண்டையார்ப்பேட்டைத் தேநீர்க் கடை வாசலில் நிற்கும் பழைய புல்லட்டின் தொட்டியிலும் கையால் இழுத்த கோடு உண்டு. அதற்கு எண் இல்லை. பித்தளைச் சின்னம் இல்லை. ஆயினும் மூச்சை அடக்கிய அதே கவனம் உண்டு; பல்லாண்டுப் பயிற்சியின் அதே உறுதி உண்டு. நாள்தோறும் தொட்டி தொட்டியாகத் தீட்டிய கை, எண்ணிட்ட வண்டிக்கு ஒரு கலை, எண்ணிடாத வண்டிக்கு ஒரு கலை என்று பிரித்தா தீட்டும்? கைவண்ணத்தின் உயர்வு எல்லா வண்டியிலும் இருந்தது. எண் வந்து அதைப் படைக்கவில்லை. எண் படைத்தது விலையை மட்டுமே. வாங்குவோனுக்கு 480 என்ற எண் தெரிகிறது. கோடிழுத்தவனின் பெயர் தெரிகிறதா?

எண்ணைக் குறைத்துப் பெருமை தேடும் வழிக்கு நேர்மாறான வழியும் நம் நாட்டில் இருந்தது. 1894-இல் இரவி வர்மா பம்பாயில் அச்சகம் நிறுவி, அரண்மனைகளில் தொங்கிய தம் ஓவியங்களைக் கல்லச்சில் ஆயிரக்கணக்கில் அடித்துப் பரப்பினார். அவர் தீட்டிய புராணப் பொருள்பற்றி நமக்குள்ள கருத்து வேறு. இங்கே முறையைப் பற்றியே பேசுகிறோம். அரசன் மட்டும் கண்ட ஓவியத்தைக் குடிசையில் இருப்பவனும் காணலாம் என்று ஆக்கியது அச்சு. வரம்பு இல்லை, மலிவு உண்டு. ஓவியம் அதனால் இழிந்துவிட்டதா? இல்லை, ஊரெங்கும் போய்ச் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அன்று மலிவாக விற்ற அந்த அச்சுப் படங்களையே இன்று சேகரிப்போர் பெரும்பொருள் கொடுத்துத் தேடுகிறார்கள். காலம் செய்யும் அருமை வேறு. கடைக்காரன் செய்யும் அருமை வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்படியானால் நம் முடிவு என்ன? சேகரிக்கவே கூடாது என்பதா? அன்று. ஒரு படத்தை விரும்புவதும், அதை வீட்டில் வைத்துக் கண்டு மகிழ்வதும், அடுத்த தலைமுறைக்குக் காத்துத் தருவதும் மனிதப் பண்பு. எண்ணூரில் எந்திரத்தின்முன் நிற்கும் இளைஞனுக்கு, அழகின்மீது ஆசைப்பட எவருக்கும் குறையாத உரிமை உண்டு. அவன் தன் ஊதியத்தில் மிச்சம் பிடித்து ஒரு படம் வாங்கினால் வாழ்த்துவோம். வாங்குமுன் மூன்று கேள்வி கேட்கச் சொல்வோம்.

முதற்கேள்வி: இதை வரைந்த கை எது, வண்ணம் தீட்டிய கை எது, கையொப்பமிட்ட கை எது? மூன்றும் வெவ்வேறாயின் மூவரும் யார்? இரண்டாம் கேள்வி: இந்த எண் எதனால் வந்தது? தொழிலின் இயல்பால் வந்ததா, விற்பவனின் விருப்பத்தால் வந்ததா? மூன்றாம் கேள்வி: பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டால், இந்தப் படத்தை நான் விரும்புவேனா? மூன்றாவதற்கு ‘ஆம்’ என்று நெஞ்சு விடை கூறினால் வாங்கட்டும். ‘இல்லை’ என்றால், அவன் வாங்க நினைத்தது படத்தையன்று. பிறரிடம் இல்லாதது தன்னிடம் இருக்கிறது என்னும் செருக்கை. நாளைக்கு விலை ஏறும் என்று நம்பி வாங்குவதோ, சூதாட்டத்துக்குச் சட்டமிட்டு மாட்டுவது.

வாங்குவோருக்கு இவ்வளவு. படைப்போருக்கும் ஒன்று உண்டு. சென்னையின் சினிமாக் கொட்டகை வாயில்களில் வானளாவ நின்ற பேனர்களைத் தீட்டிய தூரிகைகளை ஃபிளெக்ஸ் வந்து ஓய்வெடுக்கச் செய்துவிட்டது. தீட்டியவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? பெயரைக் காவாத சமூகம் நாளடைவில் கலையையும் காவாது. ஆகவே இளைஞர்களே, நீங்கள் சுவரில் எழுதினாலும், குறும்படம் எடுத்தாலும், கணிப்பொறியில் உருவங்களை ஓடவிட்டாலும், உடன் உழைத்த ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள். கோடு போட்டவனையும் எழுதுங்கள். வண்ணம் நிரப்பியவளையும் எழுதுங்கள். இடம் போதாது என்று எவரேனும் சொன்னால், முதலாளியின் பெயரைச் சற்றுச் சிறிதாக்கினால் இடம் கிடைக்கும் என்று சொல்லுங்கள்!

கையொப்பத்தை வெறுப்பவர்கள் அல்லர் நாம். அது உழைப்பின் சான்றாக இருக்கும்வரை தலைவணங்குகிறோம். உழைப்பை மறைக்கும் திரையாக மாறும்போது விலக்கிப் பார்க்கச் சொல்கிறோம். திரைக்குப் பின்னால் மைபடிந்த விரல்கள் இருக்கின்றன. படத்தின் விலையை அங்கிருந்து எண்ணத் தொடங்குவோம்.